சென்ற குருதி திரும்பும் என்று கண்டவர்கள்

சில ஆண்டுகளுக்கு முன்னர், பனிக்காலத்து அதிகாலை ஒன்றில் எமது வீட்டுத் தொலைபேசி ஒலித்தது. எமது ஊரவர் ஒருவர் நெஞ்சுநோவுடன் இலண்டன் ஆஸ்பத்திரி ஒன்றில் சேர்க்கப்பட்டிருந்தார். முதல்நாள் இரவு 8 மணிக்கே நோ தொடங்கிவிட்டதாம். "வாய்வுதான், இஞ்சித் தண்ணி குடிச்சால் போயிடும்" என்று சொல்லிப் படுத்திருக்கிறார். அம்புலன்ஸை அழைத்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்ற தயக்கமும் அந்த வீட்டில் இருந்திருக்கிறது. இப்படியே விடியும்வரை காத்திருந்துவிட்டார்கள்.

நாம் போய்ச் சேர்ந்தபோது வைத்தியர் ஒரு தாளில் இதயத்தின் படத்தைக் கீறினார். அதன் மேலோடும் குழாய் ஒன்றின் நடுவே பேனாவால் கறுப்புப் புள்ளியொன்றை வைத்து நீண்ட விளக்கம் தந்தார். அதை ஊரவரின் மனைவிக்குத் தமிழில் எடுத்துச் சொல்லவேண்டியது எமது பொறுப்பு. "என்ன மாஸ்ரர் சொல்லுறார்?" என்று அந்த அம்மா கேட்டார். பதினைந்து வருடங்கள் தமிழும் சரித்திரமும் படிப்பித்த எமது வாயில் வந்தது, "இரத்தக்குழாய் ஒன்று அடைச்சுப் போச்சாம்" என்பது மட்டுமே. ஊரவர் பிழைத்துக்கொண்டார். ஆயினும் இதயத் தசையின் ஒரு பகுதி இறந்துவிட்டபடியால் இன்று மாடிப்படி ஏறுவதற்கும் அவரால் இயலவில்லை.

நாம் பல்கலைக்கழகத்தில் கற்றவை கலைப்பாடங்கள். மருத்துவம் எமது துறை அன்று. எனினும் அன்று வைத்தியர் கீறிய தாளை வீட்டுக்குக் கொண்டுவந்து, அதிலுள்ளவற்றை மனிதர் எவ்வாறு அறிந்துகொண்டனர் என்று தேடத் தொடங்கினோம். சரித்திரம் படிப்பித்தவர்களுக்கு ஒரு பொருள் விளங்கவேண்டுமாயின் அதன் சரித்திரம் விளங்கவேண்டும். அந்தத் தேடலில் கிடைத்தவற்றை வாசகர்களுடன் பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஈரலில் பிறந்து உடலில் தீர்ந்த குருதி

முதலில் இரண்டு சொற்களை மனதில் இருத்திக்கொள்வோம். இதயத்திலிருந்து குருதியை வெளியே எடுத்துச் செல்லும் குழாய் நாடி எனப்படும். குருதியை இதயத்துக்கு மீளக் கொண்டுவரும் குழாய் நாளம் எனப்படும். நாட்டு வைத்தியர் மணிக்கட்டில் விரல்வைத்து "நாடி பார்க்கிறார்" என்று சொல்கிறோம் அல்லவா? அவருடைய விரலுக்குக் கீழே துடிப்பது அத்தகைய நாடியொன்றேயாகும்.

கி.மு. 3ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த எராசிஸ்திராற்றஸ் என்ற கிரேக்க வைத்தியர், நாளங்களில் குருதியும் நாடிகளில் காற்றும் ஓடுவதாகக் கருதினார். இறந்த உடலை அறுத்துப் பார்க்கும்போது நாடிகள் பெரும்பாலும் வெறுமையாகக் காணப்பட்டதே இந்த மயக்கத்துக்குக் காரணமாகும். ஏறத்தாழ 400 ஆண்டுகளின் பின்னர் இதைப் பிழையென நிறுவியவர் கேலன். இன்றைய துருக்கியிலுள்ள பேர்கமம் நகரில் கி.பி. 129 அளவில் பிறந்த இவர், வாட்போர் வீரர்களுக்குக் காயம் கட்டிய அனுபவம் உள்ளவர். பின்னர் உரோமப் பேரரசர்களுக்கும் வைத்தியரானார். உயிருள்ள விலங்கொன்றின் நாடியை இரண்டு இடங்களில் கட்டி, இடையில் வெட்டிப் பார்த்தார். உள்ளே இருந்தது குருதியே.

ஆனால் கேலன் அமைத்த முழுச் சித்திரம் வேறுவிதமானது. உண்ட உணவிலிருந்து ஈரல் ஓயாது புதுக்குருதியை உண்டாக்குகிறது. அது நாளங்களின் வழியே உடலெங்கும் சென்று அங்கேயே செலவாகித் தீர்ந்துவிடுகிறது என்பது அவர் கொள்கை. யாழ்ப்பாணத்துத் தோட்டத்தில் துலாவால் இறைத்த நீர் வாய்க்கால் வழியே ஓடிப் பாத்திகளில் ஊறி மறைவதுபோல என்று நாம் விளங்கிக்கொள்ளலாம். கிணற்றுக்கு நீர் திரும்பி வருவதில்லை. இதயத்தின் வலப்புறத்துக்கு வரும் குருதியில் ஒரு பகுதி, நடுச்சுவரிலுள்ள கண்ணுக்குத் தெரியாத நுண்துளைகளால் கசிந்து இடப்புறம் சென்று அங்கே உயிர்க்காற்றுடன் கலக்கிறது என்றும் அவர் எழுதினார்.

அந்தத் துளைகளை எவரும் கண்டதில்லை. இருந்தும் ஏறத்தாழ 1400 ஆண்டுகள் அவை இருப்பதாகவே மருத்துவ மாணவர்களுக்குக் கற்பிக்கப்பட்டது. கேலன் தாமே அறுத்துப் பார்த்து எழுதியவர். அவருக்குப் பின்வந்தவர்களோ அவருடைய ஏட்டைப் பார்த்து எழுதினார்கள். ஒரு பேராசானுக்கு அவருடைய மாணவர்களே செய்யும் தீங்கு இதுவாகும்.

கெய்ரோவிலிருந்து ஒரு மறுப்பு

முதல் மறுப்பு ஐரோப்பாவிலிருந்து வரவில்லை. டமாஸ்கஸ் பகுதியில் 1213 அளவில் பிறந்து, கெய்ரோவில் வைத்தியராக வாழ்ந்து 1288இல் மறைந்தவர் இப்னு அல்-நபீஸ். இப்னு சீனாவின் புகழ்பெற்ற மருத்துவ நூலிலுள்ள உடலமைப்புப் பகுதிக்கு அவர் ஓர் உரை எழுதினார். எமது மரபில் உரையாசிரியர் மூலநூலாரோடு மாறுபடும் இடங்கள் உண்டல்லவா? அவ்வாறே இவரும் ஓரிடத்தில் மாறுபட்டார். இதயத்தின் நடுச்சுவர் தடித்தது, துளையற்றது. ஆகவே வலப்பக்கக் குருதி சுவாசப்பைக்குச் சென்று, அங்கு காற்றுடன் கலந்து, பின்னரே இடப்பக்கத்துக்கு வரவேண்டும் என்று தெளிவாக எழுதினார். கேலனின் துளைகளை இவ்வாறு மறுத்து எழுதியோரில் நாம் அறிந்த முதல்வர் இவரே.

அந்த ஏடு நூற்றாண்டுகளாகக் கவனிப்பாரற்றுக் கிடந்தது. ஜேர்மனியின் பிரைபேர்க் பல்கலைக்கழகத்தில் பயின்ற அத்-தத்தாவி என்ற எகிப்திய வைத்தியர், 1924இல் பேர்லின் நூலகத்திலிருந்த கையெழுத்துப் பிரதியொன்றில் இப்பகுதியைக் கண்டு தம் ஆய்வில் வெளிப்படுத்தினார். ஓர் அரபு அறிஞரின் பெருமை, பிறநாட்டுக்குப் படிக்கப்போன அரபு மாணவரொருவரால் மீட்கப்பட்டது. தம்முடைய மொழியை மறவாமல் போனபடியால்தான் அவரால் அந்த ஏட்டை வாசிக்க முடிந்தது.

நெருப்புக்குத் தப்பிய மூன்று பிரதிகள்

ஐரோப்பாவில் இதே கருத்தை முதலில் அச்சிட்டவர் ஸ்பானியரான மிகாயேல் சேர்வெற்றஸ். கிறிஸ்தவத்தின் திரியேகக் கோட்பாட்டை மறுத்து எழுதியதால் தேடப்பட்ட இவர், பிரான்ஸில் வேறு பெயரில் பல்லாண்டுகள் வைத்தியராக வாழ்ந்தார். பெயரை மாற்றிக்கொண்டு அயல்நாட்டில் வாழ்வது எத்தகைய வாழ்வு என்பதை எமது வாசகர்களுக்கு விளக்கவேண்டியதில்லை. 1553இல் அவர் வெளியிட்ட சமய நூலொன்றின் நடுவே, குருதி சுவாசப்பை வழியாகவே இதயத்தின் இடப்பக்கத்துக்குச் செல்கிறது என்ற செய்தி இடம்பெற்றிருந்தது. சுவாசப்பைக்குச் செல்லும் நாடி, சுவாசப்பையை ஊட்டுவதற்கு மட்டும் தேவையான அளவிலும் மிகப் பெரிதாக இருக்கிறதே என்பது அவர் காட்டிய காரணங்களுள் ஒன்று.

கைதாகிச் சிறையிலிருந்து தப்பிய அவர், ஜெனீவாவில் மீண்டும் பிடிபட்டார். 1553 ஒக்டோபர் 27இல் உயிருடன் எரிக்கப்பட்டார். அவருக்கு மரணத்தைக் கொண்டுவந்தவை சமயக் கருத்துகளே. குருதி பற்றிய கருத்தன்று. ஆயினும் நூல்கள் எரிக்கப்பட்டபோது அந்தப் பக்கமும் சேர்ந்தே எரிந்தது. இன்று அந்நூலின் மூலப்பதிப்பில் மூன்று பிரதிகளே எஞ்சியுள்ளன.

ஹார்வியின் கணக்கு

இத்தாலியின் பதுவா நகரம் அக்காலத்தில் உடலமைப்பியலின் தலைநகராக விளங்கியது. அங்கு கற்பித்த வெசாலியஸ், 1543இல் வெளியிட்ட பெருநூலில் கேலனின் பல பிழைகளைத் திருத்தினார். அங்கேயே பின்னர் பேராசிரியராக இருந்த பப்ரிசியஸ், நாளங்களின் உள்ளே சிறு வால்வுகள் இருப்பதை 1603இல் நூலாக எழுதினார். ஆனால் அவை எதற்காக உள்ளன என்பதை அவர் சரியாக உணரவில்லை. கைகால்களில் குருதி வந்து தேங்காதபடி அதன் வேகத்தைத் தணிப்பவை என்றே எண்ணினார்.

அவரிடம் படித்து 1602இல் பட்டம் பெற்றவர் வில்லியம் ஹார்வி. இங்கிலாந்தின் போக்ஸ்ரன் துறைமுகத்தில் 1578இல் பிறந்தவர். 1609இல் இலண்டன் சென். பார்த்தலோமியு ஆஸ்பத்திரியின் வைத்தியரானார். 1123இல் நிறுவப்பட்ட அந்த ஆஸ்பத்திரி இன்றும் அதே இடத்தில் இயங்குகிறது. இதயநோய்க்கான பெரியதொரு நிலையமும் அங்கே உள்ளது.

ஹார்வி பாம்பு, தவளை, மீன் போன்ற குளிர்க்குருதி விலங்குகளின் இதயங்களைக் கவனித்தார். அவை மெதுவாகத் துடிப்பதால் ஒவ்வோர் அசைவையும் கண்ணால் தொடரலாம். இதயம் சுருங்கும்போதே வேலை செய்கிறது, அப்போதே குருதி நாடிக்குள் தள்ளப்படுகிறது என்று கண்டார். அதன்பின் அவர் செய்தது சாதாரணமான ஒரு பெருக்கல் கணக்கு. ஒரு துடிப்பில் அரை அவுன்ஸ் குருதி வெளியேறுகிறது என்று குறைத்தே வைத்துக்கொண்டார். அரைமணி நேரத்தில் இதயம் 1000 தடவைகளுக்கு மேல் துடிக்கிறது. அப்படியாயின் அரைமணியில் 500 அவுன்ஸ், அதாவது ஏறத்தாழ 15 கிலோ குருதி வெளியேறவேண்டும். உடலிலுள்ள முழுக் குருதியும் இவ்வளவு இல்லை. எந்த மனிதனும் அரைமணியில் இவ்வளவை உண்பதுமில்லை. எந்தக் கிணறு இப்படி ஊறும்? ஆகவே இறைத்த நீர் திரும்பிக் கிணற்றுக்கே வருகிறது. சென்ற குருதி வட்டமாகச் சுற்றி இதயத்துக்கு மீள்கிறது என்பதே ஒரே விடை.

இதற்குச் சான்றாக அவர் மனிதர்களின் மேற்கையைத் துணியால் கட்டிப் பார்த்தார். மிக இறுக்கிக் கட்டினால் மணிக்கட்டில் துடிப்பு நின்று கை குளிர்ந்தது. சற்றுத் தளர்த்தினால், ஆழத்திலுள்ள நாடி வழியே குருதி உள்ளே வந்தது. மேலோட்டமான நாளங்கள் அடைபட்டிருந்ததால் அது திரும்ப முடியாமல் கை வீங்கியது. புடைத்த நாளமொன்றை விரலால் அழுத்தித் தோளை நோக்கி வழித்துவிட்டால் அப்பகுதி வெறுமையாகியது. மேலிருந்து குருதி திரும்பி இறங்கவில்லை. ஆசிரியர் கண்ட வால்வுகளின் பொருள் மாணவருக்கு அப்போது விளங்கியது. அவை எல்லாம் இதயத்தை நோக்கி மட்டுமே திறக்கும் ஒருவழிக் கதவுகள்.

இந்த முடிவுகளை 1628இல் பிராங்போர்ட் நகரில் 72 பக்கங்கள் கொண்ட இலத்தீன் நூலாக வெளியிட்டார். பலர் எள்ளினர். நூல் வெளிவந்தபின் அவரிடம் வரும் நோயாளர் தொகை குறைந்ததாக அவரை அறிந்தவர் எழுதிவைத்துள்ளார். அவர் அரசர் முதலாம் சார்ள்சின் வைத்தியருமாவார். 1642இல் உள்நாட்டுப் போர் மூண்டபோது அரசருடன் இலண்டனை விட்டுச் சென்றார். அவ்வேளையில் அவரது இருப்பிடத்துக்குள் புகுந்த படையினர் பல ஆண்டு ஆய்வுக் குறிப்புகளை அழித்துவிட்டனர். தம் வாழ்வின் இழப்புகளில் இதையே அவர் பெரிதாகக் கருதி வருந்தினார். 1657இல் அவர் மறைந்தார். வைத்தியர் கல்லூரிக்கு அவர் வழங்கிய நூலகமும் 1666ஆம் ஆண்டின் இலண்டன் பெருந்தீயில் அழிந்தது. நூலகம் எரிவதன் நோவை நாமும் அறிவோம்.

விடுபட்ட கண்ணி

ஹார்வியின் கணக்கில் ஓர் இடைவெளி இருந்தது. நாடியிலிருந்து குருதி நாளத்துக்கு எந்த வழியால் செல்கிறது? அவரால் அதைக் காணமுடியவில்லை. அவருடைய நூல் வெளிவந்த அதே 1628இல் இத்தாலியில் பிறந்த மல்பிகி, 1661இல் தவளையின் சுவாசப்பையை நுணுக்குக்காட்டியால் நோக்கி, நாடியையும் நாளத்தையும் இணைக்கும் மயிர்த்துளைக்குழாய்களைக் கண்டார். கேலனின் துளைகளை எவரும் கண்டதில்லை. ஹார்வி இருக்கவேண்டும் என்று கணித்த இணைப்போ நான்கே ஆண்டுகள் முந்தி அவர் இறந்துவிட்ட பின்னர் கண்ணுக்குப் புலப்பட்டது.

இன்று நாம் அறிந்த முழுப் பாதை இதுவாகும். உடலெங்குமிருந்து வரும் கருஞ்சிவப்புக் குருதி மேற்பெருநாளம், கீழ்ப்பெருநாளம் ஆகியவற்றின் வழியே வலது சோணையறையை அடைகிறது. அங்கிருந்து வலது இதயவறைக்கு இறங்கிச் சுவாசப்பை நாடியால் சுவாசப்பைக்குச் செல்கிறது. அங்கே ஒட்சிசனைப் பெற்றுச் செந்நிறமாகி, சுவாசப்பை நாளங்களால் இடது சோணையறைக்கு வருகிறது. பின்னர் தடித்த சுவருடைய இடது இதயவறை அதனைப் பெருநாடிக்குள் தள்ளி உடலெங்கும் அனுப்புகிறது. ஓய்வாக இருக்கும் ஒருவரின் இதயம் ஒரு துடிப்பில் ஏறத்தாழ 70 மில்லிலீற்றர் குருதியைத் தள்ளுகிறது. நிமிடத்துக்கு 70 துடிப்பு என்றால் அது 5 லீற்றர். ஒரு நாளுக்கு 7000 லீற்றர். மனிதர் உறங்கினும் இதயம் உறங்குவதில்லை.

படத்திலிருந்த கறுப்புப் புள்ளி

இவ்வளவு குருதியைத் தன்னுள்ளே கொண்டிருந்தும் இதயத் தசை அதிலிருந்து நேரடியாகப் பசியாற முடியாது. பெருநாடி தொடங்கும் இடத்திலேயே இரண்டு சிறு நாடிகள் பிரிந்து, இதயத்தின் மேற்பரப்பில் முடிபோலப் படர்ந்து அதனை ஊட்டுகின்றன. இவையே முடியுரு நாடிகள். பெருநாடி ஏறத்தாழ இரண்டரைச் சென்ரிமீற்றர் அகலமுடையது; முடியுரு நாடிகளோ தொடக்கத்திலேயே 3 முதல் 4 மில்லிமீற்றர் அகலமே உடையவை. பல்லாண்டுகளாக இவற்றின் சுவரில் கொழுப்புப் படிகிறது. ஒருநாள் அந்தப் படிவு வெடிக்க, அவ்விடத்தில் குருதி உறைந்து குழாயை அடைத்துவிடுகிறது. அதற்கு அப்பாலுள்ள தசை ஒட்சிசனின்றி இறக்கத் தொடங்குகிறது. மாரடைப்பு என்ற தமிழ்ச் சொல்லிலேயே இந்த அடைப்பு இருக்கிறது. வைத்தியர் பேனாவால் வைத்த கறுப்புப் புள்ளி அதுவே.

அந்த அடைப்பை நீக்கும் வழியும் சரித்திரத்தின் தொடர்ச்சியே. 1929இல் ஜேர்மனியில் வேர்ணர் போஸ்மன் என்ற இளம் வைத்தியர், தம் கை நாளத்தின் வழியே மெல்லிய குழாயொன்றைத் தமது இதயம்வரை தாமே செலுத்தி, எக்ஸ்றே அறைக்கு நடந்துபோய்ப் படமும் எடுத்துக்கொண்டார். அன்று ஏசப்பட்டவருக்கு 1956இல் நோபல் பரிசு கிடைத்தது. கிழக்கு ஜேர்மனியிலிருந்து மேற்கே வந்து மருத்துவம் படித்த அன்ட்றியாஸ் குறுன்ற்சிக், நுனியில் சிறு பலூன் கொண்ட குழாய்களைத் தம் வீட்டுக் குசினி மேசையில் வைத்துச் செய்து பார்த்தார். 1977 செப்டெம்பர் 16இல் சூரிச் நகரில், 38 வயதான ஒருவரின் முடியுரு நாடியிலிருந்த ஒடுக்கத்தை அத்தகைய பலூனால் விரித்தார். இன்று உலகெங்கும் செய்யப்படும் சிகிச்சையின் தொடக்கம் அதுவாகும். எமது ஊரவரின் நாடியும் அவ்வாறே திறக்கப்பட்டது. ஆனால் நேரம் பிந்திவிட்டது.

மானிப்பாயில் தமிழ் பேசிய இதயம்

தமிழில் இவற்றைச் சொல்லமுடியாதா என்று அன்று நாம் வெட்கப்பட்டோம். பின்னர் அறிந்தபோது அந்த வெட்கம் இரட்டிப்பாயிற்று. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன், மானிப்பாயில் எமது பிள்ளைகளுக்கு மேலைத்தேய மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தவர். உடலமைப்பு நூலொன்று 1850களிலேயே தமிழில் அச்சாகியது. 'மனுஷ அங்காதிபாதம்' 1872இல் வெளிவந்தது. தமிழ் மாணவர்களின் துணையுடன் கலைச்சொற்களைத் தேடி ஆக்கிய அவர் 1884இல் தம் நாட்டில் மறைந்தார். ஹார்வி கண்ட குருதிச் சுற்றோட்டத்தை எமது முப்பாட்டன்மார் தமிழில் படித்துப் பரீட்சை எழுதியிருக்கிறார்கள். நாமோ அதை ஓர் அம்மாவுக்குத் தமிழில் சொல்லத் தடுமாறினோம்.

உண்மையொன்று கண்டுபிடிக்கப்படுவதோடு அதன் பயணம் முடிந்துவிடுவதில்லை. அது கெய்ரோவில் மறக்கப்பட்டது, ஜெனீவாவில் எரிக்கப்பட்டது, இலண்டனில் எள்ளப்பட்டது. இத்தனை தடைகளையும் தாண்டி வந்த அறிவு, எமது வீட்டு வாசலில் "வாய்வுதான்" என்ற ஒரு சொல்லால் திருப்பி அனுப்பப்படலாமா?

தென்னாசியாவிலிருந்து இந்நாட்டில் குடியேறியவர்களிடையே முடியுரு நாடிநோய் ஏனையோரிலும் அதிகம் என்பதும், இள வயதிலேயே வருகிறது என்பதும் மருத்துவ உலகம் நன்கறிந்த செய்திகள். நெஞ்சை அழுத்தும் நோ, அது கை, தாடை, முதுகு எனப் பரவுதல், வியர்வை, மூச்சுமுட்டு, குமட்டல் ஆகியவை கண்டால் விடியும்வரை காத்திருக்கவேண்டாம். பெண்களிலும் நீரிழிவு உள்ளவர்களிலும் நெஞ்சுநோ குறைவாகவும் இருக்கலாம். உடனே 999 இலக்கத்தை அழையுங்கள். ஆங்கிலம் தெரியாவிட்டால் "ஹார்ட்" என்ற சொல்லும் "தமிழ்" என்ற சொல்லும் போதும். தொலைபேசியிலேயே மொழிபெயர்ப்பாளரை இணைக்கும் வசதி உண்டு. ஆஸ்பத்திரியிலும் மொழிபெயர்ப்பாளரைக் கேட்பது உங்கள் உரிமை. பள்ளிக்கூடப் பிள்ளையை அந்த வேலைக்கு நிறுத்தாதீர்கள்.

அந்தத் தாளை இன்னும் வைத்திருக்கிறோம். சென்ற மாதம் ஊரவரின் வீட்டுக்குப் போனபோது அதை மேசையில் விரித்து, குருதி போகும் வழியையும் திரும்பி வரும் வழியையும் விரலால் காட்டி, முழுவதையும் தமிழில் சொல்லி முடித்தோம். அம்மா நெடுநேரம் அந்தப் புள்ளியைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதை அண்டைக்கே தெரிஞ்சிருந்தால் இரவே கூட்டிக்கொண்டு போயிருப்பன் மாஸ்ரர்" என்றார்.